சத்தம் வெளியே கேட்கிற வண்டி

கர்ரக், கர்ரக் என்று யாரோ தேங்காய்த் துருவியை வண்டியின் தகரத்தில் வைத்து இழுப்பதுபோல ஒரு சத்தம். நின்றது. மறுபடியும் இழுத்தது. இந்தத் தடவை வண்டியே லேசாக ஆட, அடுப்புக்கு மேலே கொக்கியில் தொங்கிய கரண்டி சுவரில் டிங்கென்று இடித்தது. ஜெசிந்தா மூச்சை நிறுத்திக்கொண்டாள். மடியில் ஷெரில் கம்பளிக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள், இன்னும் சரியாக நடக்கப் பழகாத குழந்தை, குளிரில் மூக்குநுனி மட்டும் சிவந்து. புருஷன் வந்துவிட்டாரா. வந்திருந்தால் இப்படிச் சுரண்டமாட்டார். அலோசியஸ் சுரண்டுகிற ஆள் இல்லை, உதைக்கிற ஆள், உதைப்பதற்கு முன்னால் மெதுவாகப் பேசுகிற ஆள், அந்த மெதுவான பேச்சுதான் அவளுக்குப் பயம், உதை விழுந்துவிட்டால் அப்பாடா வந்துவிட்டது என்று ஒரு வெட்கங்கெட்ட நிம்மதிகூட உண்டு. ஜீப் சத்தம் கேட்கவில்லையே. மார்கழியில் கோத்தகிரிக்கு மேலே இந்தத் தேயிலைச் சரிவில் சாயங்கால டீ குடித்து முடிப்பதற்குள் இருட்டிவிடுகிறது. வண்டி விற்கிற சென்னியப்பனின் ஜீப்பில் ஏறி, சாப்பிடப் புரோட்டாவும் தனக்கு ஒரு பாட்டிலும் வாங்கிவரப் போன மனிதர், "வெள்ளை வண்டியில இரு, ஹீட்டர் போட்டிருக்கேன், பாப்பாவத் தூங்கப் போடு, அசையாத" என்று சொல்லி, கொண்டி போடாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனார். அசையாத என்றுதான் சொன்னார். அவள் அசைந்துவிட்டாள். ஜீப்பின் பின்விளக்கு வளைவில் மறைந்ததும் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டு, கம்பளி தரையில் புரளப் புரள, பக்கத்தில் நின்ற பச்சை வண்டிக்குள் ஏறிவிட்டாள். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சும்மா பார்க்கலாமென்று வந்தேன் என்பாள். ரெண்டையும் பார்த்தால்தானே வீடாக வைத்து ஊர் சுற்ற எதை வாங்கலாமென்று சொல்ல முடியும். மத்தியானம் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி அவர்தானே சொன்னார், "எந்த வண்டின்னு செலக்ட் பண்ணப்போறது நான் இல்ல மக்களே, நம்ம ஜெசிதான்." ஜெசியும் சிரித்தாள். பல் தெரிகிற சிரிப்பு அல்ல, பல் தெரிந்தால் இளிக்கிறாய் என்பார், தெரியாவிட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாய் என்பார், அதற்கு நடுவில் ஒரு சிரிப்பைப் பழகி வைத்திருக்கிறாள், அதைத்தான் அவருடைய யூடியூப் சேனலில் ஆயிரக்கணக்கான பேர் க்யூட் என்று எழுதுகிறார்கள்.

கர்ரக். இப்போது மூச்சும் சேர்ந்து கேட்டது, சைக்கிள் டயரிலிருந்து ஒரேயடியாகக் காற்றை இறக்கிவிட்டதுபோல ஒரு பெரிய புஸ். சன்னல் திரையின் ஓரத்தை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தாள். இருட்டைவிடக் கறுப்பாக ஒரு சுவர் நின்றது. சுவருக்கு முதுகெலும்பு இருந்தது. அது மேலும் கீழும் அசைந்து வண்டியில் உரசியது, கர்ரக், முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டமாதிரி நாலு கால்கள். காட்டெருமை. சென்னியப்பன் சொல்லித்தான் வைத்திருந்தார், "இருட்டுச்சுன்னா காட்டு மாடு வருமுங்க அம்மிணி, பயந்துக்காதீங்க, அரிப்புக்கு வண்டில ஒரசும், அது பாட்டுக்குத் தேச்சுட்டுப் போயிரும். லைட்டு மட்டும் அடிக்கப்படாது, ஓடப்படாது." அதற்கு அலோசியஸ், "எங்க வீட்டுலயே ஒண்ணு இருக்குங்க, அதையே மேய்க்கறேன்" என்றார். சென்னியப்பன் அந்தப் பேச்சுக்குச் சிரிக்கவா வேண்டாமா என்று அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஷெரில் நெளிந்தாள். உதட்டைப் பிதுக்கினாள். அழப்போகிறாள், அழுதால் அந்தச் சுவர் என்ன செய்யும், கொம்பு இந்தத் தகரத்தை அட்டைப்பெட்டி மாதிரி கிழிக்குமா, எந்த இடத்தில் நுழையும், இங்கே, என் விலாவில், பாப்பாவின் தலை இருக்கும் இடத்தில், பாப்பாவின் தலை வேகவைத்த முட்டை மாதிரி, ஐயோ நினைக்காதே. கையை எடுத்துக் குழந்தையின் வாயில் வைத்தாள். வைத்த கை அழுத்தியது. சின்ன மூக்கும் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. அந்த அழுத்தம் அவளுக்குத் தெரிந்த அழுத்தம். கட்டை விரல் தாடையில், மற்ற விரல்கள் கன்னத்தில், உள்ளங்கையின் மேடு பல்லின்மேல், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் வாயை மூடு, வாயை மூடு. கையைப் பிடுங்கிக்கொண்டாள், அடுப்பில் பட்டதுபோல. குழந்தை ஒரு தடவை இழுத்து மூச்சுவிட்டது. பிறகு ஒன்றுமே நடக்காததுபோலத் தூக்கத்துக்குத் திரும்பியது. எங்கே கற்றுக்கொண்டது என் கை, அந்த இடமெல்லாம் அதற்கு எப்படித் தெரிந்தது. இன்னும் இந்தப் பனிக்காலம் முழுக்க, கொடைக்கானல், மூணாறு, வால்பாறை, குடகு என்று ஒரு வண்டிக்குள்ளேயே இருந்தால் என் கை என்னவெல்லாம் கற்றுக்கொள்ளும்.

வெள்ளைதான் நல்ல வண்டி. யாரைக் கேட்டாலும் வெள்ளை என்பார்கள். குளிர்காலத்தில் மலையில் தங்கிச் சுற்ற அதைவிட நல்ல வண்டி இந்த ஜில்லாவில் கிடையாது என்று சென்னியப்பன் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். முன்னால் சரக்கு வண்டியாக ஓடியது, டிரைவர் சீட்டுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே முழுத் தகரச் சுவர், அதனால் முன்கண்ணாடிக் குளிர் பின்னால் வராது. "செவுத்துக்குள்ள பஞ்சும் தெர்மாகோலும் வெச்சு அடச்சிருக்கறமுங்க. வெளிய ஐஸே கொட்டுனாலும் உள்ள தெரியாது. பச்சையில அது இல்லீங்க சார். பழைய டூரிஸ்ட் வேனு, வெறுந் தகரம், நடுச்செவுரும் கெடையாது, டிரைவர் சீட்டுல இருந்து அப்படியே நடந்து படுக்கைக்கு வந்துரலாம், வசதிதான், ஆனா பாதிக் குளுரு கண்ணாடி வழியாவே உள்ள வந்துருமுங்க. வெயில் காலத்துக்குச் சரி." அலோசியஸ் வெள்ளையின் பின் கதவைத் திறந்து, மூடி, திறந்து பார்த்தார். உள்பக்கம் கைப்பிடியே இல்லை. சரக்கு வண்டிக் கதவு, வெளியே மட்டும் ஒரு நீளக் கொண்டி. "உள்ளயிருந்து தொறக்கறதுக்கு ஒரு பூட்டு வெச்சுக் குடுத்தர்றனுங்க சார், ஒரு நாள் வேல." "வேணாம்ங்க, நான்தானே வெளிய இருப்பேன், நான் பாத்துக்கறேன்" என்றார் அவர். சென்னியப்பன் அதை விலைகுறைக்கிற தந்திரம் என்று நினைத்திருப்பார். பிறகுதான் அந்த விளையாட்டு. "ஜெசி, பாப்பாவோட உள்ள போ. சவுண்ட் ப்ரூஃபா இருக்கான்னு டெஸ்ட் பண்ணுவோம். நான் சாத்துனதும் கத்து." கதவு மூடியது. கொண்டி விழுந்த சத்தம்கூட எங்கோ தூரத்தில் கேட்பதுபோல மெத்தென்று வந்தது. இருட்டு, புதுப் பசை வாசனை, ஷெரில் அவள் ஸ்வெட்டரைப் பிடித்த பிடி. முதலில் கத்த வரவில்லை. சொல்லிக் கத்துவது எப்படி, அவள் இதுவரை கத்தாமல் இருக்கத்தான் பழகியிருக்கிறாள். பிறகு வாய் திறந்தது, திறந்ததும் நிற்கவில்லை, இரண்டு வருஷத்துக் கத்தல் அத்தனையும் வரிசையில் நின்றிருந்தது போல ஒன்றன்பின் ஒன்றாக வந்தது, தொண்டை கிழிந்தது, குழந்தையும் சேர்ந்து அலறியது, சுவரில் ஓங்கி அடித்தாள், பஞ்சு அடைத்த சுவர் அடியை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தது. கதவு திறந்தபோது வெளிச்சத்தில் அவர் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. "கத்துனியா என்ன? ஒண்ணுமே கேக்கல. சூப்பர் வண்டிங்க." சென்னியப்பன் குழந்தையின் ஈர முகத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தலையில் கட்டியிருந்த மப்ளரை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். "அம்மிணிக்குத் தண்ணி வேணுமுங்களா" என்றார். அவ்வளவுதான் கேட்டார். மனிதர்கள் அவ்வளவுதான் கேட்பார்கள்.

கோயம்புத்தூர் வீட்டிலும் தாழ்ப்பாள் கிடையாது. இருந்தது, கழற்றிவிட்டார். ஷெரில் பிறந்த மூன்றாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த சட்டையைக்கூட மாற்றாமல், ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு படுக்கையறை, சமையல்கட்டு, குளியலறை என்று ஒவ்வொரு கதவாகப் போனார். குழந்தை வளர்ந்து உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டால் என்ன ஆவது என்றார். அவருடைய அம்மா போனில், பாத்தியா எம்புள்ளைக்கு எவ்வளவு பொறுப்பு என்றார்கள். திருகாணி இருந்த ஓட்டைகளில் அவர் சோப்பை வைத்து அடைத்தார், குளியலறைக் கதவு ஈரத்தில் இன்றைக்கும் லேசாக நுரைக்கும். கழற்றியது ஏன் என்று அவளுக்குத்தான் தெரியும். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அவள் குழந்தையோடு குளியலறைக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்தப் பார்த்தாள். அவர் வெளியிலிருந்து தள்ள, அவள் உள்ளிருந்து தள்ள, நடுவில் அவளுடைய வலது கை மோதிர விரல் இருந்தது. சத்தம் வந்தது, முருங்கைக்காயை ஒடிக்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தம், அப்புறம் அவளிடமிருந்து வந்த சத்தம் மனுஷச் சத்தமே இல்லை, ஊளை. டாக்டர் அம்மா வீங்கிப்போன விரலிலிருந்து மோதிரத்தை வெட்டி எடுத்துக்கொண்டே, எப்படிம்மா ஆச்சு என்று கேட்டார்கள். கதவு என்றாள். ஒண்ணுமில்ல டாக்டர், கதவு. பொய் இல்லையே. அன்றையிலிருந்து அந்த விரல் முழுக்க மடங்காது, பாத்திரத்தைப் பிடித்தாலும் ஜெபமாலையைப் பிடித்தாலும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். அன்றைக்கும் கீழ்வீட்டு ரெஹானா அக்காதான் காப்பாற்றினாள். அந்த அக்கா ஒன்றும் கேட்கமாட்டாள், சண்டைக்கு வரமாட்டாள். மேலே எதாவது உருண்டால், எதாவது உடைந்தால், கொஞ்ச நேரத்தில் மணி அடிக்கும். கதவைத் திறந்தால் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிற்பாள். "ஒரு வெங்காயம் இருக்குமா ஜெசி, தாளிக்கணும்." அலோசியஸ் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பார், அதற்குள் அந்த நேரம் கடந்துபோகும். அக்கா வீட்டில் வெங்காயம் மூட்டையாகக் கிடக்கிறது, அவள் கணவருக்கு மார்க்கெட்டில் வெங்காயக் கடை. இந்த மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்கிறோம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியாகிவிட்டது. இன்றிரவு வண்டியில் தங்கிப் பார்த்துவிட்டு, காலையில் அட்வான்ஸ். அதற்கப்புறம் வீடு கிடையாது, மாடிப்படி கிடையாது, காட்டுக்குள், பனிக்குள், பஞ்சு அடைத்த வெள்ளைச் சுவருக்குள் யார் வந்து மணியடித்து வெங்காயம் கேட்பார்கள்.

கர்ரக் நின்றுவிட்டது. போய்விட்டதா. இல்லை, புல்லைப் பிடுங்குகிற சத்தம், கோணியைக் கிழிக்கிற மாதிரி, வெள்ளை வண்டிக்கும் இதற்கும் நடுவில் நின்று மேய்கிறது. அது அங்கே நிற்கிறவரை இறங்கி வெள்ளைக்குத் திரும்பவும் முடியாது. திரும்பவேண்டும், அவர் வருவதற்குள் திரும்பிவிட்டால் ஒன்றும் இல்லை, அசையாமல் இருந்ததாகவே ஆகிவிடும், இல்லாவிட்டால் வெறும் வண்டியைத் திறந்து பார்ப்பார், பார்த்துவிட்டுக் கூப்பிடுவார், மெதுவாக. அவள் கண் கதவுக்குப் போனது. பச்சை வண்டிக் கதவின் உள்பக்கம் கைக்கெட்டுகிற உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. மத்தியானமே பார்த்துவிட்டாள். அடுப்பையும் படுக்கையையும் தண்ணீர்த் தொட்டியையும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் அதைத்தான் பார்த்தாள், பார்த்ததை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று உடனே சன்னலைப் பார்த்தாள். அட, இதற்காகத்தான் ஏறினேனா. சாதாரண இரும்புத் தாழ்ப்பாள், வண்டிக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தவன் அதன்மேலேயும் சேர்த்து அடித்துவிட்டான், தாழும் கொண்டியும் ஒரே கட்டியாக ஒட்டிக் கிடந்தது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. மடங்காத விரல் சுளீரென்றது. தள்ளிவிட்டுக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள், யாரிடமிருந்து, சிஸ்டர் எமரென்சியாவிடமிருந்து. கான்வென்ட் ஹாஸ்டலில் எந்தக் கதவுக்கும் உள்தாழ் கிடையாது. நல்ல பெண்பிள்ளைகள் உள்ளே தாழ் போடமாட்டார்கள் என்பார் சிஸ்டர், கடவுளுக்கும் மதர் சுப்பீரியருக்கும் தெரியாமல் ஒரு பெண் செய்ய என்ன இருக்கிறது. குளிக்கும்போதும் கதவு வெறுமனே சாத்தியிருக்கும், ஆள் இருக்கிறது என்பதற்கு உள்ளிருந்து பாடிக்கொண்டே இருக்கவேண்டும், வருஷக்கணக்காக அவள் மாதா பாட்டுப் பாடிக்கொண்டே குளித்தாள், பாட்டு நின்றால் கதவு திறக்கும். கல்யாணமான புதிதில் அலோசியஸ் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ஒருநாள், தாழ்களைக் கழற்றியபின், "பாடு" என்றார்.

ஸ்வெட்டர் பையில் சாவி கனத்தது. பச்சை வண்டிச் சாவி. இங்கே ஒரு வழக்கம் வைத்திருக்கிறார் சென்னியப்பன், வண்டி எதுவானாலும் பார்க்க வந்தவுடன் சாவியை வீட்டுப் பெண்பிள்ளை கையில்தான் கொடுப்பார், கூடவே ஒரு எலுமிச்சம்பழம், "எங்கப்பாரு காலத்துல இருந்து அப்படித்தானுங்க, மகாலட்சுமி கை பட்டுச்சுன்னா வண்டி ரோட்டுல நிக்காது." அலோசியஸுக்கு அது வீடியோவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. இரண்டு சாவியையும் அவள் ஏந்திச் சிரிக்கிற மாதிரி மூன்று தடவை எடுத்தார். முடிந்ததும் வெள்ளையின் சாவியை வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். பச்சையை யாரும் கேட்கவில்லை. இப்போது சாவியின் நுனியைப் பெயின்ட் இடுக்கில் வைத்துச் சுரண்டினாள். மெதுவாக, வெளியே மேய்கிறதற்குக் கேட்காமல். பச்சைத் தோல் சுருள் சுருளாக உதிர்ந்தது. ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தாள், எங்கள் மரண நேரத்திலும் என்கிற இடம் வரும்போதெல்லாம் ஜெபம் சிக்கிக்கொண்டது, யாருடைய மரணம். அவர் வருவார். ஓடப்படாது, லைட்டு அடிக்கப்படாது என்றார்களே, அவர் அடிப்பார், யாராவது செய்யாதே என்றால் அவர் செய்வார், போனில் லைட்டைப் போட்டு அதன் கண்ணில் அடிப்பார், வீடியோ எடுப்பார், மக்களே பாருங்க என்பார். அது தலையைத் தாழ்த்தும். கொம்பு முதலில் அந்த நீலச் சட்டையைத் தொடும், பித்தானுக்கும் பித்தானுக்கும் நடுவில் அவருக்குச் சின்னத் தொப்பை தெரியுமே அங்கே, அப்படியே மேலே தூக்கும், குடல் வெளியே வரும்போது ஆவி பறக்குமா இந்தக் குளிரில், இட்லிப் பானையைத் திறந்த மாதிரி. அவர் கத்துவார். நான் வெள்ளை வண்டிக்குள் இருப்பேன், எனக்கு ஒன்றுமே கேட்காது, சூப்பர் வண்டி. சுரண்டுகிற கை நின்றது. வாயில் உமிழ்நீர் ஊறியிருந்தது. இயேசுவே, எச்சில் ஊறுகிறதே எனக்கு. இதைப் பாவசங்கீர்த்தனத்தில் எப்படிச் சொல்வது, சுவாமி, என் புருஷனின் குடலை நினைத்து எனக்குப் பசித்தது என்றா. மறுபடி சுரண்டினாள். அப்பாவின் ஸ்கூல் வேனும் இதே மாதிரிதான், கான்வென்ட் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருவார், டிரைவர் மகள் என்று ஹாஸ்டல் ஃபீஸில் சலுகை, பிளஸ் டூ லீவில் காலி மைதானத்தில் அவளை உட்காரவைத்து ஓட்டப் பழக்கினார், கிளட்ச்சை முட்டையை மிதிக்கிற மாதிரி மிதி தாயி. முன்னால் இருட்டில் ஸ்டீயரிங்கின் வளைவு தெரிந்தது. நாலு எட்டு. நடுவில் சுவர் இல்லை. பாதிக் குளிர் அந்த வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது, இருந்தும் அந்தக் குளிர் வந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாழ் லேசாக ஆட ஆரம்பித்திருந்தது, விழப்போகிற பால்பல் மாதிரி.

கீழே வளைவில் ஜீப். வெளிச்சம் தேயிலைச் செடிகளின்மேல் தடவிக்கொண்டு போய் அணைந்தது. புல் பிடுங்குகிற சத்தம் நின்றது, ஒரு புஸ், கனத்த குளம்புகள் சரிவில் இறங்கிப் போயின, அவசரமே இல்லாமல், வந்த வேலை முடிந்த மாதிரி. அது போனதும்தான் அவளுக்கு உண்மையான பயம் வந்தது. அது வண்டியில் உரசியது, மேய்ந்தது, போய்விட்டது, அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட் பக்கம் சென்னியப்பனின் குரல், "சார், பாத்துப் போங்க, கேட்டுப் பக்கத்துலதான் நம்ம ரூமு, ஒரு கொரல் குடுத்தீங்கன்னா வந்துருவனுங்க." வெறுந் தகரத்தின் வழியாக ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. செருப்புச் சத்தம். பாட்டில் பையில் இடிக்கிற சத்தம். இப்போது ஓடினால், முடியாது, தாமதமாகிவிட்டது. வெள்ளை வண்டிக் கதவு திறந்தது. அவள் தாழைப் பிடித்துத் தள்ளினாள், பாதி வந்தது, பாதியில் நின்றது, துளையை எட்டவில்லை, இடுக்கில் இன்னும் பெயின்ட். "ஜெசி." மெதுவாக. "ஜெசிம்மா. எங்கடா போன?" உள்ளங்கையால் தாழை மறுபடி அழுத்தினாள். "அங்கயா இருக்க? குளுரலயா உனக்கு? ஹீட்டர் போட்டுக் குடுத்துட்டுப் போனேனே." செருப்பு இந்தப் பக்கம் திரும்பியது. ஷெரில் கண்ணை விழித்து இருட்டில் குரல் வந்த திசையைப் பார்த்தது, அழவில்லை, இவளைப் போலவே மூச்சை நிறுத்திக்கொண்டது, அதைப் பார்த்தாள் ஜெசிந்தா, தன் பிள்ளை மூச்சை நிறுத்தப் பழகியிருப்பதைப் பார்த்தாள். குழந்தையைப் படுக்கையில் சுவரோரமாகக் கிடத்தினாள். கைப்பிடி திரும்பியது. வீட்டுக் கதவு உள்ளே தள்ளுகிற கதவு, இது வெளியே இழுக்கிற கதவு, அவர் இழுக்க, கையகலம் திறந்து பனி உள்ளே வந்தது, அவள் இரண்டு கையாலும் உள்கைப்பிடியைப் பிடித்துக் காலைப் படியில் முட்டுக்கொடுத்தாள். கதவு அந்தக் கையகலத்திலேயே நின்றது. "ஏய்" என்றார் அவர், ஆச்சரியத்தோடு, சிரிப்புகூட இருந்தது அதில். "என்னடி புதுசா. விடு." கதவின் விளிம்பைப் பற்றிக்கொண்டு நாலு விரல்கள் உள்ளே வந்தன. மோதிரம் போட்ட விரலும் அதில் இருந்தது. நகங்களை ஒட்ட வெட்டிச் சுத்தமாக வைத்திருக்கிற விரல்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் பூசையில் நன்மை அப்பம் வாங்க நீளுகிற கை.

"விரல எடுங்க" என்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது, கெஞ்சவில்லை, நடுங்கவும் இல்லை, மீன்காரியிடம் மீதி கேட்கிற குரல். "என்னது?" "விரல எடுத்துக்குங்க. கதவச் சாத்தப் போறேன்." அவர் சிரித்தார். "வண்டி செலக்ட் பண்ணிட்டியா மேடம்? எந்த வண்டி?" விரல்கள் இன்னும் உள்ளே ஊர்ந்து வந்து நன்றாகப் பற்றிக்கொண்டன. அவை அவளை நம்பின. இரண்டு வருஷமாக அவளை அறிந்த விரல்கள், அவள் என்ன செய்யமாட்டாள் என்று அவற்றுக்குத் தெரியும். "எடுங்க" என்றாள் கடைசியாக, மரியாதையாகத்தான் சொன்னாள், சொல்லிவிட்டு உடம்பு மொத்தத்தையும் பின்னால் சாய்த்துக் கைப்பிடியை இழுத்தாள். அந்தச் சத்தம் வந்தது. முருங்கைக்காய். அதற்கப்புறம் வெளியே எழுந்த சத்தத்தையும் அவள் அறிவாள், அந்த ஊளை அவளுடையது, ஒருநாள் அவள் வாயிலிருந்து வந்தது, எப்படி அவன் வாய்க்குப் போனது. அவன் என்று நினைத்தாள், திருத்திக்கொள்ளவில்லை. பிடியைத் தளர்த்தினாள், விரல்கள் வெளியே போகிற அளவுக்கு மட்டும். விளிம்பில் ரத்தம் இருட்டில் கறுப்பாக இருந்தது. போனதும் கதவை இழுத்துச் சாத்தினாள். கேட் பக்கம் நாய் குரைத்தது, ரூம் கதவு திறந்தது, டார்ச் வெளிச்சம் ஒன்று மேலே ஆடிக்கொண்டு வந்தது. வெறுந் தகரம். எல்லாம் வெளியே கேட்கிற வண்டி, எல்லாம் உள்ளே கேட்கிற வண்டி. "இந்த வண்டிதான்" என்று சத்தமாகச் சொன்னாள், அந்த வெளிச்சத்துக்குக் கேட்கிற மாதிரி, திரும்பவும் சொன்னாள், "எனக்கு இந்த வண்டிதான் வேணும்." வெளியே மூச்சுவாங்கல், புல்லில் முழங்கால் ஊன்றிய சத்தம். "என்னாச்சுங் சார்?" சென்னியப்பன் ஓடிவருகிறார், மூச்சு இரைக்கிறது, "மாடு கீடு முட்டிருச்சுங்களா, ஏனுங் சார், கையில என்னங்க ரத்தம்?" அவள் தாழில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள், என்ன சொல்வான், பொம்பளை கையில் வாங்கினேன் என்று அவனால் சொல்ல முடியுமா.

"ஒண்ணுமில்லைங்க" என்றான் அலோசியஸ், பல்லைக் கடித்துக்கொண்டு. "கதவு."

மடங்காத விரலைத் தாழின் குமிழில் கொடுத்து, உள்ளங்கையால் அதன்மேல் ஓங்கி ஒரு அடி அடித்தாள். கடைசிப் பெயின்ட் பெயர்ந்து தெறித்தது. தாழ் துளைக்குள் முழுக்கப் போய் விழுந்தது.